பெல்ட் பூட்டித்தான் இருந்தது, சீட்டுக்குப் பின்னால்

போன வாரம் குடைசாய்ந்த ஒரு டம்பரை ஆய்வு செய்யப் போயிருந்தேன். சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தபோது ஓரத்து மண் சரிந்து, வண்டி பக்கவாட்டில் ஒரு சுற்று உருண்டு நின்றிருக்கிறது. கேபினுக்குள் ஏறிப் பார்த்தேன். கண்ணாடிகள் போயிருந்தன, அவ்வளவுதான். கூரை இறங்கவில்லை. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் அப்படியே இருந்தது. பெல்ட்டும் இருந்தது. பக்கிள்கூடப் பூட்டித்தான் இருந்தது, சீட்டின் முதுகைச் சுற்றி, பின்னால். பூட்டாவிட்டால் பஸ்ஸர் கத்துமே, அதன் வாயை அடைக்க. ஓட்டுநரைக் கேபினுக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

பட்டையை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தேன். ஓர் உடம்பைத் தாங்கிய பெல்ட் அதைத் தானே சொல்லிவிடும். பக்கிளில் நுழையும் உலோக நாக்கைச் சுற்றிய இடத்தில் பட்டை உரசிப் பளபளத்திருக்கும், தோளுக்கு மேலே உள்ள வளையத்தின் பிளாஸ்டிக்கில் கோடு விழுந்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. இந்த வேலைக்கு வந்த பிறகு, புதுசு போல இருக்கும் பெல்ட்டைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த மாதத்தில் இது மூன்றாவது.

பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது ஒருவர் கை தூக்குவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பெல்ட் போட்டுக்கிட்டா எப்படி சார் குதிக்கிறது?”

அண்ணே, யாரும் குதிப்பதில்லை. குதித்துத் தப்பியதாக நீங்கள் கேட்ட கதைகளைச் சொன்னவர்கள் உயிரோடு இருப்பவர்கள். மற்றவர்கள் கதை சொல்ல வரவில்லை. கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பாருங்கள். வண்டி உங்கள் கதவுப் பக்கமே சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்து நீங்கள் குதிக்கும் இடம் எதுவோ, டன் கணக்கில் எடையுள்ள வண்டி வந்து விழப்போகிற இடமும் அதுவே. சரி, எதிர்ப்பக்கம் சாய்கிறது. இப்போது உங்கள் கதவு வானத்தைப் பார்க்கப் போகிறது. நீங்கள் குதிக்க முடியாது, ஏறத்தான் வேண்டும். அதுவும் கனமான கதவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பு எதிர்க் கதவை நோக்கி விழுந்துகொண்டிருக்கும்போது. இதற்கெல்லாம் உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு விநாடி. அந்த விநாடியில் பாதி, ‘சாய்கிறதா, இல்லையா’ என்று புரிவதிலேயே போய்விடும். மீதிப் பாதியில் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும்.

நான் பார்த்தவர்களில் பலர் குதிக்கவே முயலவில்லை. ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்பட்டவர்கள் அவர்கள். சிலர் இடுப்புவரை மட்டும் வெளியே வந்தவர்கள். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

கேபினைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு இருக்கிறதே, நாங்கள் ‘ரோப்ஸ்’ என்போம், அது சும்மா இல்லை. வண்டி உருண்டாலும் ஓட்டுநர் உட்காரும் இடம் நசுங்காமல் நிற்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 3471 தரத்தின்படி சோதித்துச் செய்வது. அதற்கு ஜோடியாக, மண்வேலை இயந்திரங்களின் பெல்ட்டுக்கு ஐஎஸ்ஓ 6683 என்று தனித் தரம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பாதுகாப்பு. கூடு இருந்து ஆள் அதற்குள் இல்லையென்றால் அந்தக் கூடே ஆளை நசுக்கும். போன வாரம் நடந்தது அதுதான்.

“மெதுவாத்தானே போறோம்” என்பது அடுத்தது. டிப்பர்கள் நின்ற இடத்திலேயே குடைசாய்கின்றன. இளகிய தரையில் பாடியைத் தூக்கினால் எடை மையம் மேலே போகிறது, ஒரு பக்கச் சக்கரம் புதைகிறது, முடிந்தது. வேகமானி பூஜ்யத்தில் இருக்கும். லோடு கொட்டும்போதும் கதவை மூடி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சீட்டிலேயே இருங்கள். இறங்கிப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

ஓட்டுநர்கள் சொல்லும் ஒரு புகார் மட்டும் நியாயமானது. கரடுமுரடான பாதையில் பெல்ட் உயிரை எடுக்கிறது. குலுங்கக் குலுங்க இறுகிக்கொண்டே போய், அரை மணி நேரத்தில் மூச்சு முட்டும். பெல்ட்டைக் கழற்றி வீசுவது ஏன் என்று எனக்கும் தெரியும். அது பெல்ட்டின் கெட்ட குணம் இல்லை. உள்ளே சுருளும் பகுதியில், வண்டி அளவுக்கு மேல் சாய்ந்தால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. வாகன பெல்ட்டுகளுக்கான ஐ.நா. விதி 16-இன்படி, வழக்கமான வகை 12 பாகைச் சாய்வு வரை பூட்டக் கூடாது, 27 பாகையைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். சாலைக்கு அது போதும். மலைச்சரிவில் நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய குற்றவாளி சீட். குலுக்கலைத் தாங்கக் காற்றுப் பையின் மேல் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் சீட் மேலும் கீழும் ஆடுகிறது, பெல்ட்டின் முனையோ கேபின் தரையிலோ சுவரிலோ அசையாமல் நிற்கிறது. சீட் கீழே போகும்போது தொய்வைச் சுருள் இழுத்துக்கொள்ளும், மேலே வரும்போது விடாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு இறுக்கு. இதற்கு வழி இருக்கிறது: பெல்ட்டின் எல்லா முனைகளும் சீட்டிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும், சீட்டை ஒரு தனிப் பட்டை தரையோடு பிணைத்திருக்க வேண்டும். அந்தப் பிணைப்புப் பட்டை இல்லாவிட்டால் உங்கள் எடையோடு சீட்டின் எடையும் சேர்ந்து சஸ்பென்ஷனைப் பிய்த்துக்கொண்டு வரும். நிர்வாகத்தில் இருப்பவர்களே, ஓட்டுநர் பெல்ட் போடவில்லை என்று அபராதம் போடுவதற்கு முன்னால் அந்தச் சீட்டில் நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தயவுசெய்து.

இப்போது பொழுதுபோக்குக்காகக் காட்டுப் பாதையில் வண்டி விரட்டும் நண்பர்கள். உங்களிடம் பிரச்சினை நேர் எதிர். பந்தயக் கார் ஹார்னஸ், அதாவது இரண்டு தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பல முனை பெல்ட், வாங்கி மாட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். படத்தைப் பார்த்தால் தோள்பட்டைகள் சீட்டின் பின்னால் செங்குத்தாக இறங்கித் தரையில் போல்ட் போடப்பட்டிருக்கின்றன. மோதும்போது அவை உங்களைப் பின்னால் பிடிக்காது, கீழே அழுத்தும். நொறுங்குவது முதுகெலும்பு. பந்தய விதியே தோள்பட்டை கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது, 10 பாகைக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அதற்குச் சீட்டின் பின்னால் ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். குழாய்க்கு ரோல் கேஜ், அதாவது வண்டிக்குள் பொருத்தும் குழாய்க் கூடு, வேண்டும். கேஜ் இல்லாத சாதாரணக் கேபினில் நான்கு முனை ஹார்னஸ் போட்டால், கூரை இறங்கும்போது குனியக்கூட முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பீர்கள். கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட் அங்கே அதைவிட மேல். 1959-இல் வால்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்ததுதான் அது, இன்னும் அது பழசாகிவிடவில்லை.

நான்கு முனையில் இன்னொரு வம்பு: தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை கிடையாது. தோள்பட்டையை இழுத்து இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். இடுப்பு எலும்பு தாங்க வேண்டிய அடியைக் குடல் தாங்கும். ஐந்து முனை, ஆறு முனை என்று வைத்தது அழகுக்கு இல்லை. சாதாரண பெல்ட்டிலும் இதே கதைதான்: இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாக, தட்டையாகப் படிய வேண்டும். அடியில் மெத்துமெத்தென்று தலையணை போட்டு உட்கார்ந்தால் மோதலில் அது அமுங்கி, நீங்கள் பெல்ட்டுக்கு அடியில் நழுவுவீர்கள். தலையணையை வீட்டிலேயே வையுங்கள்.

போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெல்ட்டை வண்டியோடு பிணைக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் வருவது 7/16 அங்குல உயர்வலிமை போல்ட். பெட்டியில் கிடந்த ஏதோ ஒன்றை மெல்லிய தகட்டில் ஒரு வாஷரோடு முறுக்காதீர்கள். தகட்டுக்குப் பின்னால் தடித்த பிளேட் இல்லையென்றால் போல்ட் தகட்டையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மாதம் ஒருமுறை பட்டையைக் கடைசிவரை இழுத்து, ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு, பிசிறு, வெயிலில் வெளுத்து விறைத்த இடம், தையல் விட்ட இடம், எது தட்டுப்பட்டாலும் மாற்றுங்கள். தைக்காதீர்கள். குடைசாய்ந்த வண்டியின் பெல்ட் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். பக்கிளில் சேறு புகுந்தால் காற்றடித்து எடுங்கள், கிரீஸ் வைக்காதீர்கள், அது தூசியைச் சேர்த்துவைக்கும். லேபிளில் தேதி இருக்கும்: அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்எஃப்ஐயின் முத்திரை உள்ள பந்தய ஹார்னஸுக்கு 2 ஆண்டு, சர்வதேசக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை உள்ளதற்கு 5 ஆண்டு. கனரக இயந்திரங்களில் பொருத்திய நாளிலிருந்து 3 ஆண்டில் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. லேபிளைப் படிக்க முடியவில்லை என்றால் காலம் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்காருபவருக்கும் பெல்ட். அவர் போடாவிட்டால் உருளும்போது உங்கள் மேல்தான் வந்து விழுவார். கட்டிவைக்காத ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் இதே பேச்சு.

வண்டி சாய்வது தெரிந்துவிட்டால் ஸ்டியரிங்கை விடாதீர்கள், சாயும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக உடம்பைச் சரித்து, கால்களை ஊன்றிக்கொள்ளுங்கள். கை கால் வெளியே போகக் கூடாது. முழுவதும் நின்ற பிறகுதான் மற்றதெல்லாம். தலைகீழாகத் தொங்கினால் அவசரப்பட்டு பக்கிளை அழுத்தாதீர்கள், தலை நேராகக் கூரையில் மோதும். ஒரு கையைக் கூரையில் ஊன்றி, முழங்கால்களை டாஷ்போர்டில் முட்டுக்கொடுத்து, அப்புறம் இன்னொரு கையால் அழுத்துங்கள். உடம்பு எடை தொங்கும்போது சில பக்கிள்கள் சுலபத்தில் விடாது. அதற்காகப் பெல்ட் வெட்டும் கத்தி ஒன்று வேண்டும். பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் கருவிப்பெட்டியில். பெல்ட்டைப் பூட்டி இறுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டிப் பாருங்கள், எது எட்டுகிறதோ அங்கே மாட்டுங்கள்.