ஹெரெடிக்: பதிதரா, வேதப்புரட்டரா, இல்ல வேற சொல்லா?

ஐரோப்பிய வரலாறு படிக்கிறப்போ சர்ச்சோட மோதி எரிக்கப்பட்டவங்க கதை வந்தாலே ‘ஹெரெடிக்’ங்கிற வார்த்தையும் கூடவே வந்துடும், அதாவது கிறிஸ்தவனா இருந்துகிட்டே சர்ச்சோட கொள்கைக்கு மாறான கொள்கைய பிடிச்சுக்கிறவன். தமிழ்ல எழுதுறவங்க நெறைய பேரு இதுக்கு ‘மதவிரோதி’ன்னு போட்டுட்டுப் போயிடுறாங்க. அது சரியில்லைங்க. மதவிரோதின்னா வெளிய நின்னு கல்லெறியுற ஆளு. ஹெரெடிக் வீட்டுக்குள்ள இருக்குற ஆளு, ஞானஸ்நானம் வாங்கினவன், பைபிளக் கரைச்சுக் குடிச்சவன், பல சமயம் அவனே ஒரு பாதிரியார். ஞானஸ்நானமே வாங்காத யூதரையோ முஸ்லிமையோ சர்ச் சட்டப்படி ஹெரெடிக்னு சொல்லவே முடியாது.

மூலம் கிரேக்கம். ‘ஹைரெசிஸ்’னா தேர்ந்தெடுக்குறது, அவ்ளோதான். ஒருத்தன் எந்தத் தத்துவப் பள்ளிய தேர்ந்தெடுத்தான், எந்த வைத்திய முறைய தேர்ந்தெடுத்தான்னு சொல்ல இருந்த சாதாரண வார்த்தை, அதுல திட்டு எதுவும் கிடையாது.

இது எப்படி கெட்டுப்போச்சுன்னு பாக்க லைப்ரரிக்கெல்லாம் போக வேணாம், வீட்ல இருக்குற பழைய தமிழ் பைபிளே போதும். அப்போஸ்தலர் 5:17ல சதுசேயர்ங்கிற யூதப் பிரிவுக்கு இந்த வார்த்தை வருது, தமிழ்ல ‘சமயத்தார்’னு மரியாதையா போட்டிருக்காங்க. 15:5ல பரிசேயர்ங்கிற இன்னொரு யூதப் பிரிவுக்கும் அதே ‘சமயத்தார்’. 24ஆம் அதிகாரத்துல இயேசுவோட ஆட்களையே மத்தவங்க அதே வார்த்தையால குத்தம் சொல்றாங்க, பவுல் கவர்னர் முன்னாடி நின்னு பதில் சொல்றாரு, அங்க தமிழ்ல ‘மதபேதம்’. கலாத்தியர்ல ‘மார்க்கபேதங்கள்’. கடைசியா தீத்து 3:10க்கு வந்தா அதுல இருந்து பொறந்த சொல்லு ‘வேதப்புரட்டன்’னு ஆயிடுது. கிரேக்கத்துல வேர் ஒண்ணுதான், தமிழ்ல சமயத்துல ஆரம்பிச்சு புரட்டுல போய் நிக்குது. மொழிபெயர்த்தவங்கள குறை சொல்லல, அந்தந்த இடத்துல தொனி மாறுறது உண்மைதான்.

ஆனா ஒண்ணு கவனிங்க, தீத்துல அந்த ஆளுக்கு என்ன தண்டனை? ஒண்ணு ரெண்டு தடவ புத்தி சொல்லு, கேக்கலன்னா விலகிடு. அவ்ளோதான் இருக்கு.

அந்த ‘விலகு’ எப்படி ‘எரி’யாச்சுங்கிறதுதான் பெரிய கதை. 380ல ரோமப் பேரரசு நிசேயா விசுவாசத்த (நிசேயாவுல கூடின பிஷப்புங்க வகுத்த கிறிஸ்தவக் கொள்கைய) அரசாங்க மதமா ஆக்கிடுச்சு, அப்புறம் கொள்கை வேறன்னா அரசாங்கத்துக்கும் பிரச்சனைன்னு ஆயிடுச்சு. 385ல பிரிஸ்கில்லியன்னு ஸ்பெயின் பிஷப் ஒருத்தர ட்ரியர் நகரத்துல கொன்னாங்க, கேஸ் என்னவோ சூனியம்னுதான் போட்டாங்க. தூர் நகரத்து பிஷப் மார்ட்டின் அவர கொல்லக் கூடாதுன்னு அரசன்கிட்ட போய் மன்றாடினாரு, கேக்கல. 1022ல பிரான்ஸ்ல ஆர்லியான்ஸ் நகரத்துல ஹெரெடிக்னு சிலர எரிச்சாங்க, 1230கள்ல போப் ஒன்பதாம் கிரெகோரி தனியா விசாரணைக்காரங்கள நியமிச்சாரு, இன்குயிசிஷன்னு நாம சொல்றது அங்கதான் தொடங்குது. சர்ச் ரத்தம் சிந்தக் கூடாதுன்னு விதி இருந்ததால தீர்ப்பு சொல்லிட்டு ஆள அரசாங்கத்துகிட்ட ஒப்படைச்சுடுவாங்க. பிலாத்து கை கழுவின மாதிரியே.

யான் ஹுஸ் கேஸ்தான் இந்த வார்த்தைய கண்ணு முன்னாடி காட்டும். ப்ராக் நகரத்துப் பாதிரியார். ஒண்ணும் ஆகாதுன்னு சிகிஸ்முண்ட் ராஜா கொடுத்த பாதுகாப்புக் கடிதத்த நம்பி கான்ஸ்டன்ஸ் நகரத்துல கூடின சர்ச் பொதுச்சங்கத்துக்குப் போனாரு. 1415 ஜூலை 6ஆம் தேதி பூசை உடுப்ப ஒண்ணொண்ணா உருவினாங்க, உச்சந்தலையில பாதிரியார் அடையாளமா மழிச்சிருப்பாங்கல்ல, அத அழிக்க சவரக்கத்தியா கத்திரிக்கோலான்னு பிஷப்புங்களுக்குள்ளயே வாக்குவாதம். அப்புறம் தலையில ஒரு காகிதத் தொப்பி, அதுல மூணு பிசாசு படம், கூடவே ‘ஹெரெசியார்க்’னு, அதாவது ஹெரெடிக்குகளோட தலைவன்னு எழுத்து. எரிச்சு சாம்பல ரைன் ஆத்துல கொட்டினாங்க.

கத்தோலிக்கர் மட்டும்தான்னு நெனைக்காதீங்க. 1553ல புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வின் இருந்த ஜெனீவாவுல மிகேல் செர்வெட்டஸ எரிச்சாங்க, திரித்துவத்த, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிற கொள்கைய மறுத்ததுக்கு. சாகுறப்போ ‘நித்திய தேவனோட குமாரனே’ன்னு கத்தினாராம், ‘தேவனோட நித்திய குமாரனே’ன்னு கத்தல. ‘நித்திய’ங்கிற அடைமொழி எங்க நிக்குதுங்கிறதுல இருந்துச்சு உயிரு.

இப்போ தமிழுக்கு வருவோம். கத்தோலிக்கத் தமிழ்ல பழைய சொல் ‘பதிதர்’, சமஸ்கிருதத்துல விழுந்தவன்னு அர்த்தம். எங்க பெரியம்மா, யாராச்சும் புராட்டஸ்டண்ட் சர்ச்சுக்குப் போனா ‘பதித சபைக்குப் போயிட்டான்’னு குரல தாழ்த்தி சொல்லுவாங்க, ஏதோ வியாதி மாதிரி. ‘பேதகம்’னும் உண்டு, தரங்கம்பாடியில இருந்த லூத்தரன் புராட்டஸ்டண்ட்டுகளுக்கு எதிரா வீரமாமுனிவர் எழுதின நூலோட பேரே ‘பேதகம் மறுத்தல்’. ‘தப்பறை’ன்னு இன்னொண்ணு, அது ஆளுக்கு இல்ல, அவன் சொன்ன தப்பான கொள்கைக்கு.

இன்னும் பழசு ‘பாசண்டம்’. அசோகர் கல்வெட்டுல பாசண்டம்னா ஏதோ ஒரு சமயப் பிரிவு, எல்லாத்தையும் மதிக்கச் சொல்றாரு. பின்னாடி வேதத்த நிந்திக்கிறவன்னு வசவா மாறிடுச்சு. ஹைரெசிஸ் போன அதே வழி, அதனால ஆசையா இருந்தாலும் இத எடுக்க மாட்டேன்.

இந்த சொல்லெல்லாம் நீதிபதி பக்கம் நின்னு பேசுது பாருங்க. விழுந்தவன், புரட்டினவன்னு சொன்ன உடனே தீர்ப்பு முடிஞ்சுபோச்சு. அதனால குத்தம் சாட்டினவங்க வாயில வர்றப்போ ‘பதிதர்’னு போடலாம், நாமளா கதை சொல்றப்போ ‘மாற்றுக்கொள்கையர்’னு போடலாம், கொள்கைக்கு ‘மாற்றுக்கொள்கை’. சபைய விட்டுப் பிரிஞ்சு போறது பிரிவினை, விசுவாசத்தையே விட்டுடுறது மறுதலிப்பு, இது ரெண்டையும் இதோட கொழப்ப வேணாம்.

ஹுஸ் தொப்பியில இருந்தத தமிழ்ல எழுதணும்னா ‘பதிதர் தலைவன்’னு எழுதுங்க, அது தொப்பி செஞ்சவன் பேச்சு. செக் நாட்டுல இப்போ அந்த ஜூலை 6ஆம் தேதி அரசு விடுமுறை.