பிரண்ட் லோடு மெஷினுக்கு எந்தப் பவுடர்? பாக்கெட்டில் சட்டம் கேட்பதும் கேட்காததும்

பாளையங்கோட்டையில் எங்கள் மைனி புதிதாக பிரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய துவையல் இரண்டரை மணி நேரம் ஓடியது, கதவோரம் நுரை கசிந்தது. வந்த சர்வீஸ்காரர் பவுடர் தட்டை இழுத்துப் பார்த்தார். "இது கையில துவைக்கிற பவுடர்லா, வாரண்டில வராதுக்கா" என்றார். "மெஷின்ல போடக் கூடாதுன்னு பாக்கெட்ல ஒண்ணும் போடலியே தம்பி" என்றார் மைனி. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது.

முதலில் நுரையின் கதை. குறுக்குத்துறைப் படித்துறையில் துணியை ஓங்கிக் கல்லில் அடித்துத் துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரண்ட் லோடு மெஷின் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். டிரம் சுழலும்போது துணி மேலே போய், அடியில் இருக்கும் கொஞ்சம் தண்ணீரில் தொப்பென்று விழுகிறது. அந்த விழுதலில்தான் அழுக்கு போகிறது. கைத்துவையல் பவுடர் நிறைய நுரைக்கும்படி செய்யப்பட்டது. நுரை வந்தால்தான் நமக்கும் துவைத்த திருப்தி. அந்த நுரை டிரம்மில் மெத்தை போலச் சேர்ந்துவிட்டால் துணி விழுந்தும் அடிபடாது. பல மெஷின்கள் நுரை அதிகமானதை உணர்ந்து, திரும்பத் திரும்பத் தண்ணீர் எடுத்து அலசும். குறைந்த தண்ணீரில் துவைக்கத்தானே அந்த மெஷினை வாங்கினோம்! அலசியும் போகாத மிச்சம் கதவு ரப்பரில் தங்கி நாறும்.

அமெரிக்கச் சந்தையில் இப்படிப்பட்ட மெஷின்களுக்கான குறைநுரை பவுடர்களில் 'ஹெச்.இ.' என்ற எழுத்துகள் இருக்கும். அது அங்கே தொழில்துறை வைத்துக்கொண்ட அடையாளம். இங்கே நம் ஊர்க் கடையில் அதைத் தேட வேண்டாம். 'பிரண்ட் லோடு', 'டாப் லோடு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை கரண்ட் செலவைப் பற்றியது, அதற்கும் பவுடருக்கும் சம்பந்தமில்லை.

சரி, பாக்கெட்டில் என்னதான் இருக்க வேண்டும்? 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் இதைச் சொல்கின்றன. பொருளின் பெயர், தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் கட்டாயம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். எந்த மெஷினுக்கு ஏற்றது என்பது இந்தப் பட்டியலில் கிடையாது. அதனால் மைனி வாங்கிய பாக்கெட் விதியை மீறவில்லை. எனக்கு இது ஒரு குறையாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு கம்பெனி தானாக 'பிரண்ட் லோடுக்கு ஏற்றது' என்று போட்டுவிட்டு அது பொய்யாக இருந்தால் கதை வேறு. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

விலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்பு சலவைப் பவுடரை விதியில் சொன்ன எடைகளில்தான் பொட்டலமிட முடியும். 2022இல் அது நீங்கியதால் எந்த எடையிலும் பாக்கெட் வரலாம். அதற்கு ஈடாக, ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்று வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு இவ்வளவு, கூடினால் கிலோவுக்கு இவ்வளவு. 500 கிராம் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 24 பைசா. பக்கத்திலேயே 2 கிலோ 420 ரூபாய் என்றால் கிலோவுக்கு 210. ஒன்று கிராமில், மற்றது கிலோவில் இருப்பதால் கண் ஏமாறும். 24 பைசாவை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 240 ரூபாய்! அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ, எடை குறைந்தாலோ தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது அவர்கள்தான். தெருவில் பினாயிலோடு சேர்த்து ஐந்து லிட்டர் கேனில் 'மெஷின் லிக்விட்' விற்பார்கள். கேனில் ஒரு எழுத்தும் இருக்காது. நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பெயரில் புகார் எழுதுவது?

பவுடரின் அளவைப் பொறுத்தவரை நம் திருநெல்வேலி மாவட்டத்தில் தண்ணீரைப் பார்த்துத்தான் போட வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளில் பவுடர் சட்டென்று நுரைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைவிடக் கொஞ்சம் குறைத்தாலே போதும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீரில் கதை தலைகீழ். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பவுடரின் பாதி வேலையைத் தின்றுவிடும். கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும், ஹீட்டரில் உப்புப் படியாமல் இருக்க அவ்வப்போது அதற்கான பவுடரைப் போட்டுச் சுத்தமும் செய்ய வேண்டும்.

இனி வாரண்டி. மெஷினோடு வந்த கையேட்டில் 'குறைநுரை பவுடர் மட்டும்' என்று எழுதியிருந்தால், கம்பெனி சொல்வதற்கு வலு உண்டு. அதற்காகத் தட்டில் வேறு பவுடர் கிடந்தாலே எல்லாப் பழுதுக்கும் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. கதவுப் பூட்டு உடைந்ததற்கும் பவுடருக்கும் என்ன சம்பந்தம்? பழுது என்ன, பவுடரால் அது எப்படி வந்தது என்று சர்வீஸ் தாளில் எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுதித் தரத் தயங்குபவர்களே அதிகம். மைனி வீட்டில் பழுது எதுவும் இல்லை. பவுடரே போடாமல் வெந்நீரில் இரண்டு முறை சும்மா ஓடவிட்டு, பவுடரை மாற்றியதும் மெஷின் பழையபடி ஆனது.

உங்கள் பிரச்சினை அப்படித் தீராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். பல சமயம் கம்பெனி அங்கேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை வந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் தர மறுப்பதும் சட்டப்படி தவறுதான், அதனால் பவுடருக்குக்கூட பில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், பவுடர்தான் தகராறு என்றால் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஆணையம் அதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம், அதற்கான செலவை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். பாக்கெட்டோடு அப்படியே வாயைக் கட்டி, ஈரம் படாமல் பரண் மேல் வைத்துவிடுங்கள்.