எழுத வந்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்

மக்களோடு மாதக்கணக்கில் உடனிருந்து, பார்த்ததை எழுதுவது என் தொழில். தறிக்கூடம், செங்கல் சூளை, வீட்டு அடுப்படி என்று எங்கே போனாலும் ஒன்று நடக்கும். முதல் சில நாள் எல்லோரும் என் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள், தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகிய பிறகு நோட்டையே மறந்துவிடுவார்கள். நல்ல எழுத்து அப்போதுதான் கிடைக்கிறது. ஆபத்தும் அங்கேதான், ஏனென்றால் அந்த வீட்டு மருமகள் நகையை அடகு வைத்த கதையைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வது, கூட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற அக்காவிடம்; எழுத்தாளரிடம் இல்லை.

அதனால் முதல் நாள் சொன்ன 'சரி'யை எல்லாவற்றுக்குமான அனுமதியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் மறுபடி கேட்பேன்: "நேத்து சொன்னீங்களே, அதை எழுதலாமா? உங்க மாமியார் படிச்சா பரவாயில்லையா?" வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன், எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும்.

எழுத வந்திருப்பதைச் சொல்லாமலே நுழைகிற எழுத்தாளர்களும் உண்டு. 1887-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை மனநோயாளியாக நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவுக் காப்பகத்தில் 10 நாள் இருந்தார். அவர் எழுதிய பிறகு கிராண்ட் ஜூரி (குற்றச்சாட்டுகளை ஆராயும் குடிமக்கள் குழு) விசாரணை வந்தது, காப்பகத்துக்கு நிதியும் கூடியது. அமெரிக்க எழுத்தாளர் டெட் கானவர் சிறைக் காவலர்களைப் பற்றி எழுத அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை, அவரே காவலர் வேலைக்கு விண்ணப்பித்துச் நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் ஏறத்தாழ ஒரு வருடம் வேலை பார்த்தார். பூட்டிக் கிடக்கிற அரசுக் கட்டடங்களுக்கு இது தேவைப்படலாம். ஏழை வீட்டுக்குள் இப்படி நுழைய ஒரு நியாயமும் கிடையாது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் கேத்ரின் பூ மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அன்னாவாடி குடிசைப் பகுதிக்கு 2007-இலிருந்து 2011 வரை போய்வந்தார். மக்கள் சொன்னதோடு நிற்காமல் 3,000-க்கும் மேற்பட்ட அரசு ஆவணங்களைப் பார்த்தார்; அவற்றில் பல, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போராடி வாங்கியவை. நாளைக்கு ஒரு அதிகாரி 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்றால் பேசியவரைக் காப்பாற்ற அந்தக் காகிதம் வேண்டும்.

அப்புறம், உங்களிடம் யாராவது இப்படி வந்தால் கேட்டுவிடுங்கள்: எங்கே வெளியாகும், பிள்ளைகளைப் பற்றி எழுதுவீர்களா, நான் பேசியதை அச்சுக்கு முன் படித்துக் காட்டுவீர்களா, எந்தத் தேதி வரை 'இதை எடுத்துவிடுங்கள்' என்று சொல்லலாம். பெயரை மாற்றிவிடுகிறேன் என்பதை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். தெருவும் தொழிலும் இருந்தாலே போதும், அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.