ஹென்ஸ்னா என்னங்க மேடம்?

முதல் செமஸ்டர், முதல் இன்டர்னல் டெஸ்ட் பேப்பரைத் திருப்பிக் கொடுத்த நாள். கெய்லி ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, ‘அண்ட் ஹென்ஸ் ஃபைண்ட் இட்ஸ் இன்வர்ஸ்’ என்று முடியும் 13 மதிப்பெண் கேள்வி ஒன்று இருந்தது. பொறியியல் படித்தவர்களுக்கு மறக்காத கேள்வி அது. ஒரு மாணவன் சிறப்பியல்புச் சமன்பாடு எடுத்து, அணியின் வர்க்கம், கனம் எல்லாம் ஒரு எண் பிசகாமல் போட்டு, பூஜ்ஜிய அணி வந்ததும் அடிக்கோடு இழுத்து முடித்திருந்தான். நேர்மாறு அணியான அந்த இன்வர்ஸ் பக்கமே போகவில்லை. மற்ற கேள்விகளிலும் இதே கதைதான். பாதி வரை சரி, அப்புறம் காலி இடம். மொத்தம் 50க்கு 19.

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, பேப்பரை அவன் பக்கம் திருப்பி வைத்து, “மீதியை ஏன்பா எழுதல?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு மெதுவாக, “ஹென்ஸ்னா என்னங்க மேடம்?” என்றான்.

“இதை வச்சே கண்டுபிடின்னு அர்த்தம்.”

பேனாவை எடுத்தான். நான்கு நிமிடத்தில் இன்வர்ஸ் போட்டுக் கொடுத்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவனுடைய மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்) பதிவேட்டில் ‘கணிதத்தில் பலவீனம், கூடுதல் பயிற்சி தேவை’ என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவனுக்குக் கணிதத்தில் ஒரு பலவீனமும் இல்லை. பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளை. கேள்வித்தாளின் ஆங்கிலம் அவனுக்கு ஒரு சுவர். அந்தப் பதிவேட்டை நம்பி அவனை மாலை நேர ஸ்பெஷல் கிளாஸில் உட்கார வைத்திருந்தால், தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டிருப்பான். அடுத்த டெஸ்டிலும் அதே இடத்தில்தான் நின்றிருப்பான்.

கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். வகுப்பு ஆசிரியராகவும் மென்டராகவும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் என் வகுப்புகளில் கூடியிருக்கிறார்கள். மிக நல்ல விஷயம். ஆனால் சீட் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால், அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடியே அவர்கள் அரியரில் மூழ்குவார்கள். ‘ஸ்லோ லேர்னர்’ என்று பட்டியல் போடும் வழக்கம் கல்லூரிகளில் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் இப்போது வாயில் கூட எடுப்பதில்லை.

அந்த வாரம் பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்து, கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் பொறுக்கினேன். ஹென்ஸ், டிடியூஸ், ஜஸ்டிஃபை, ‘வித் ரெஸ்பெக்ட் டு’... இருபத்திரண்டு தேறியது. ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழ்ப் பொருள், ஒரு சின்ன உதாரணம். ஒரே ஒரு ஏ4 தாள். இப்போது ஆண்டுதோறும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறேன். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இன்னொரு மாணவி. வருகைப்பதிவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 வேண்டும். 65 முதல் 75 வரை என்றால் தகுந்த காரணமும் சான்றிதழும் காட்டி அனுமதி வாங்கலாம். 65க்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். அவளோ வகுப்பில் கவனமாக இருப்பவள், நோட்டு அழகாக எழுதுபவள். பதிவேட்டை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஆப்சென்ட் எல்லாம் காலையில்தான். முதல் ஹவரைத் தவறவிட்டால் அரை நாள் ஆப்சென்ட் என்பது அப்போது எங்கள் துறையில் இருந்த வழக்கம்.

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். கல்லூரிப் பேருந்துக்குக் கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. நேரத்துக்கு வருவது புறநகர்ப் பேருந்து, அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். பெண்களுக்கு இலவசமான சாதாரணக் கட்டண டவுன் பஸ், இரண்டு மாறி வந்தால், கல்லூரி வாசலுக்கு வரும்போது முதல் ஹவர் பாதி முடிந்திருக்கும். தாமதமாகக் கதவைத் தட்டினால் எல்லார் முன்பும் ‘ஏன் லேட்’ என்று கேட்பார்களே என்று லைப்ரரியில் உட்கார்ந்துவிடுவாளாம். இது சோம்பல் இல்லை, படிப்பில் ஆர்வமில்லாததும் இல்லை. துறைத் தலைவரிடம் பேசி, முதல் ஹவருக்கு வரும் ஆசிரியர்களிடம் சொல்லி, அவள் கேள்வி இல்லாமல் உள்ளே வரவும் அரை நாள் ஆப்சென்ட் போடாமல் இருக்கவும் ஏற்பாடு செய்தோம். வருகைப்பதிவு மெல்ல ஏறியது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

படிப்புப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை என்று நாம் இரண்டு ஃபைல் போடுகிறோம். பிள்ளைகள் இரண்டையும் ஒரே பையில்தான் சுமந்து வருகிறார்கள். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத குடும்பங்களில் இது இன்னும் கூடுதல். என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்றே தெரியாது. இன்டர்னலில் 40க்கு 36 இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும் மாணவனுக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையின்படி செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுக்காவிட்டால் அந்தப் பாடம் அரியர்தான் என்பதை ரிசல்ட் வருவதற்கு முன்பே யாராவது சொல்ல வேண்டும். அரசுக் கவுன்சலிங்கில் சீட் வாங்கி வந்தவருக்கு, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் அந்தப் பணம் வராமல் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சரியாகிற விஷயம்.

எல்லாம் இப்படிச் சரியாகிவிடுவதில்லை. சில வருடங்களுக்கு முன், என் பொறுப்பில் இருந்த ஒரு மாணவன் மூன்றாம் செமஸ்டர் நடுவில் படிப்பை விட்டு நின்றுவிட்டான். திருப்பிப் பார்த்தால் பதிவேட்டில் மாதாமாதம் ‘நன்றாக இருக்கிறார்’ என்றே எழுதியிருக்கிறேன். கூட்டமாக நிற்க வைத்து, “ஏதாவது பிரச்சினை இருக்காப்பா?” என்று கேட்டால் “இல்லைங்க மேடம்” என்றுதான் சொல்வான். அது பதில் இல்லை என்று அன்று எனக்குத் தெரியவில்லை. ஹாஸ்டலில் சாப்பிட வராமல் இருந்ததும், இரவெல்லாம் தூங்காமல் இருந்ததும் அவன் கல்லூரியை விட்டுப் போன பிறகுதான் நண்பர்கள் மூலம் தெரிந்தது. அது இன்னும் மனதை அறுக்கிறது.

இந்த இடத்தில் சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் மனநல ஆலோசகர்கள் இல்லை. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசுவதில்லை, ‘நான் இல்லாம போனா நல்லாருக்கும்’ என்கிற மாதிரி பேச்சு, இதெல்லாம் வந்தால் நம் அறிவுரை போதாது. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருந்து, ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ நீங்களே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

“வீட்டுக்குச் சொல்லிடாதீங்க மேடம்” என்று கேட்பார்கள். அதற்கும் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வேன், மற்றதை உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். மார்க் குறைந்ததும் அப்பாவுக்குப் போன் போடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் முதல் போன் அந்தப் பிள்ளைக்குத்தான். ‘ஏன் வரல’ என்று ஆரம்பிப்பதில்லை. “சாப்டியாப்பா?” என்று கேட்டுவிட்டு, அவன் பேசும்வரை காத்திருக்கிறேன்.