வேலை வெளிநாட்டுக்குப் போய்விட்டது: டி.ஏ.ஏ. உதவி கிடைக்குமா?

இறக்குமதி வரி பற்றிய செய்தி சூடுபிடிக்கும்போதெல்லாம் இங்கே அமெரிக்காவின் மிச்சிகனில் என்னிடம் வரும் கேள்வி இது: "எங்க வேலையை வெளிநாட்டுக்கு மாத்திட்டாங்க. டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ் (டி.ஏ.ஏ.)னு அரசாங்கம் உதவி தருமாமே, நான் மனு போடலாமா?" வேலை இழந்தவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலை இழந்தவர்களுக்கு அந்த உதவி கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால், 2022 ஜூலை 1 முதல் தொழிலாளர் துறை புது மனு எதையும் விசாரிப்பதில்லை. வெளிநாட்டு வர்த்தகத்தால்தான் வேலை போனது என்று அதற்கு முன்பே துறையின் சான்று கிடைத்து, வேலையையும் இழந்தவர்களுக்குத்தான் உரிமை தொடர்கிறது.

ஆனால் பழைய விவரங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. அவற்றை நம்பி வாரக்கணக்கில் காத்திருந்து, வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. தாமதித்த வாரங்களுக்கான பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

1962-இல் அதிபர் கென்னடி காலத்தில் தொடங்கி, 1974 வர்த்தகச் சட்டத்தில் விரிவடைந்த இந்தத் திட்டம் தனி மனிதரின் கஷ்டத்தைப் பார்த்துத் தகுதி தரவில்லை. முதலில் மனு போட வேண்டியிருந்தது ஒரு குழு. ஒரே இடத்தில் வேலை பார்த்த சிலர் சேர்ந்தோ, தொழிற்சங்கமோ, நிறுவனமோ போட முடிந்தது. வேலை இழந்து ஓராண்டுக்குள் போட வேண்டியிருந்தது. இறக்குமதி கூடியதால் விற்பனை சரிந்ததா, உற்பத்தியே வெளிநாட்டுக்குப் போனதா, அப்படிப் பாதிக்கப்பட்ட நிறுவனத்துக்குப் பொருள் கொடுத்து வந்தவர்களா என்று துறை விசாரித்தது. இதைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. விசாரணை அதிகாரி நிறுவனத்திடம் கணக்குக் கேட்பார், அதன் வாடிக்கையாளர்களிடமும் விசாரிப்பார். இது தெரியாமல் ஆதாரம் இல்லையே என்று பேசாமல் இருந்துவிட்டவர்கள் ஏராளம்.

குழுவுக்குச் சான்று கிடைத்த பிறகுதான் தனி ஆளின் தகுதி பார்க்கப்பட்டது. வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் தீர்ந்தபின் பயிற்சிக் காலத்தில் வாரப்பணம் வேண்டுமென்றால், பொதுவாக முந்தைய 52 வாரங்களில் 26 வாரமாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். குறித்த கெடுவுக்குள் பயிற்சியிலும் சேர்ந்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் சிக்கிய இடம், மற்ற நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் ஸ்டாஃபிங் கம்பெனி. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் வேலை பார்த்த ஒரு பெண் வந்தார். தொழிற்சாலைக்குச் சான்று இருந்தது. ஆனால் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்தது ஸ்டாஃபிங் கம்பெனியின் பெயர். "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலை வளாகத்திலேயே, அதன் மேற்பார்வையில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளியையும் சான்றில் சேர்க்க முடிந்தது. அவருடைய அடையாள அட்டையும், தொழிற்சாலை மேற்பார்வையாளர் போட்ட ஷிப்ட் அட்டவணையும்தான் கைகொடுத்தன. சான்று திருத்தப்பட்டு அவருக்கும் வழி பிறந்தது.

மென்பொருள்காரர்கள் கதை வேறு. பொருள் உற்பத்தி செய்தவர்களுக்குத்தான் அப்போது உதவி. நீங்கள் செய்வது பொருளே அல்ல என்று துறை மறுத்துவந்தது. வேலை இழந்தவர்கள் நீதிமன்றம் போன பிறகு, 2006-இல் அந்தப் பார்வை மாறியது. 2009-இல் சேவைத்துறையே சேர்க்கப்பட்டது. 2021 ஜூலையில் மறுபடி வெளியேற்றப்பட்டது. இவ்வளவு பேர் பிழைப்பு இப்படிக் காலாவதித் தேதியைப் பார்த்து ஊசலாடுவது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

சரி, இப்போது வேலை போனால் என்ன செய்வது? முதல் வாரமே வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அப்புறம் அருகிலுள்ள அமெரிக்கன் ஜாப் சென்டர் என்ற வேலை உதவி மையத்துக்குப் போய், வேலை இழந்தவர்களுக்கான டிஸ்லொக்கேடட் வொர்க்கர் திட்டத்தில் சேர வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். இறக்குமதியால்தான் வேலை போனது என்று அங்கே காட்டத் தேவையில்லை. குடியுரிமை கட்டாயமில்லை, கிரீன் கார்டு உள்ளவர்களும் சேரலாம். பயிற்சிக்குப் பணம் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் பழைய திட்டத்தில் இருந்த நீண்டகால வாரப்பணத்தை எதிர்பார்க்காதீர்கள்.

100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் ஆலையை மூடினாலோ, பெருமளவில் ஆட்குறைப்பு செய்தாலோ, பொதுவாக 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டையின் படம் எல்லாவற்றையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கடைசி நாளில் ஆபீஸ் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதிலிருக்கும் ஒன்றும் கைக்கு வராது.