டேப்பெட் சரியாக இருந்தாலும் வால்வு வளையும்

பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பைக்கின் சக்தியைக் கூட்ட பெர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது லிஃப்ட், அதாவது தூக்கும் உயரம், எவ்வளவு என்றுதான். மாட்டியதும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டேப்பெட் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டேப்பெட் கிளியரன்ஸ் ராக்கருக்கும் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) வால்வுத் தண்டுக்கும் நடுவே இருப்பது. எஞ்சினை உடைப்பது வேறொன்று: வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி.

வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது பிஸ்டன் பாதிக்கும் கீழே போயிருக்கும். அங்கே மோதல் இல்லை. ஆபத்து ஓவர்லாப்பில். எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்கையில் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. கிராங்க் சுழற்சியில், எக்ஸாஸ்ட் வால்வு டிடிசிக்கு (பிஸ்டனின் உச்சப் புள்ளிக்கு) சுமார் 10 டிகிரி முன்னும், இன்டேக் 10 டிகிரி பின்னும் பிஸ்டனை மிக நெருங்கும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது டிடிசியில் லிஃப்ட் எவ்வளவு என்பதை. 9 மி.மீ. லிஃப்ட் உள்ள இரண்டு கேம்களில் ஒன்று பொருந்தலாம், இன்னொன்று இடிக்கலாம். சொல்லும் லிஃப்ட் லோபிலா (கேமின் புடைப்பு) வால்விலா என்பதையும் கேளுங்கள்: லோபில் 7 என்றால், ராக்கர் விகிதம் 1.5 ஆக இருந்தால் வால்வில் 10.5.

சோதிக்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். பிஸ்டனின் வால்வுப் பள்ளங்களில் 6 மி.மீ. கனத்துக்கு அப்பி, ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவுங்கள். ஏற்கெனவே அழுந்திய கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு டார்க்கில் இறுக்கி, டேப்பெட் வைத்து, டைமிங் செயினைத் தொய்வில்லாமல் பிடித்துக்கொண்டு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஸ்பேனர் தடைபட்டால் அழுத்தவே கூடாது. ஹெட்டைக் கழற்றிக் களிமண்ணை பிளேடால் வெட்டி, மெலிந்த இடத்தை வெர்னியரில் அளக்கவும். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. என்பது பொதுவான குறைந்தபட்சம்; கேம் செய்தவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுவே செல்லும். வால்வு விளிம்புக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் 1.25 மி.மீ. வேண்டும்.

யூசிஇ எஞ்சின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் போல ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்வது) உள்ள எஞ்சினில் இந்தச் சோதனை பொய் சொல்லும். எண்ணெய் அழுத்தம் இல்லாததால் லிஃப்டர் அமுங்கி, வால்வு குறைவாகத் திறக்கும், இடைவெளி தாராளமாகத் தெரியும். அங்கே அமுங்காத சாலிட் லிஃப்டர் போட்டுத்தான் அளக்க வேண்டும்.

எக்ஸாஸ்டுக்கு ஏன் அதிகம்? மேலேறும் பிஸ்டன் மூடும் வால்வைத் துரத்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு பின்தங்கி அடி வாங்கும். எஞ்சின் வேகம் எல்லை மீறினாலும் அப்படியே: நந்தி மலை இறக்கத்தில் நான்காம் கியரிலிருந்து தவறி இரண்டில் விழுந்தால் ரெவ் லிமிட்டர் (எஞ்சின் வேகத்துக்கு வரம்பு போடுவது) காப்பாற்றாது. வேகத்தைக் கொடுப்பது சக்கரம்.

ஹெட்டை லேத்தில் 0.5 மி.மீ. ஃபேஸிங் செய்திருந்தால் (அடிப்பரப்பைச் சீவியிருந்தால்) இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். ஹெட்டில் கேம் இருக்கும் எஞ்சினில் இன்னொன்றும் நடக்கும்: ஹெட் இறங்கியதால் கேம் டைமிங் கொஞ்சம் பின்தங்கி, எக்ஸாஸ்ட் இடைவெளி மேலும் சுருங்கும். எனவே ஃபேஸிங், கேஸ்கெட், டைமிங் எல்லாம் முடிந்த பிறகே களிமண் வையுங்கள். பின்னால் எதை மாற்றினாலும் மறுபடி வையுங்கள்.