படுக்கையில் உறையும் ரத்தம்: நோயாளியோடு இருப்பவர்களுக்கு

தாராவி, செம்பூர், ஆண்டாப் ஹில் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் நோயாளியைத் தனியே விடுவதில்லை. மருமகளோ தம்பியோ பக்கத்து வீட்டு அக்காவோ, மாற்றி மாற்றிக் கட்டிலருகே இருப்பார்கள். மும்பையில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவராக வார்டு சுற்றும்போது அவர்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். தையல் எப்போது பிரிப்பீர்கள், இட்லி கொடுக்கலாமா, தலைக்கு ஊற்றலாமா என்று எல்லாம் கேட்பார்கள். "கால்ல ரத்தம் உறையாம இருக்க என்ன குடுக்கறீங்க டாக்டரம்மா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைச் சேர்ந்த முதல் நாளே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். நாம் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை சுருங்கி, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்துவிட்டால் அந்த வேலை நின்று, ரத்தம் மெதுவாக நகர்கிறது. அதே நேரத்தில் அறுவைச் சிகிச்சையோ எலும்பு முறிவோ கடும் தொற்றோ வந்தால், உடல் தன்னைக் காத்துக்கொள்ள ரத்தத்தைச் சீக்கிரம் உறையும் நிலைக்குக் கொண்டுவருகிறது. சிரையின் உட்சுவரும் அடிபட்டிருக்கலாம். இந்த மூன்று காரணங்களும் இன்றுவரை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்சோவின் பெயரால்தான் சொல்லப்படுகின்றன. அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் தேதியை 2014 முதல் உலக ரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வரும் பாட்டியிடம் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும்.

இப்படி ரத்தம் உறைந்து காலில் உருவாகும் கட்டி பல நேரம் வலிக்கவே வலிக்காது. அது பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியை அடைப்பதுதான் ஆபத்து. பெரிய கட்டியாக இருந்தால் சில நிமிடங்களில் உயிரே போய்விடலாம். "நல்லாத்தான் இருந்தாரு, நாளைக்கு டிஸ்சார்ஜ்னு சொன்னாங்க, பாத்ரூம் போயிட்டு வந்து மூச்சு வாங்குதுன்னாரு" என்று சொல்லப்படும் கதைகளில் ஒரு பங்கு இதுதான். ஊரில் அதை ஹார்ட் அட்டாக் என்றே சொல்லி முடித்துவிடுவார்கள்.

நம்மவர்களுக்கு இதெல்லாம் வராது, இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் நீண்ட காலம் இருந்தது. அது தவறு. ஆசிய நாடுகள் சிலவற்றில், இடுப்பு, முழங்கால் பெரிய அறுவை செய்துகொண்டு தடுப்பு மருந்து எதுவும் பெறாதவர்களின் சிரைகளில் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் நான்கு பேருக்குக் கட்டி இருந்தது. 2008இல் வெளியான 32 நாடுகளின் ஆய்வில், மருத்துவமனைகளில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த அபாயம் இருந்தது. இந்தியாவிலும் அதே அளவுதான். ஆனால் அபாயம் இருந்த இந்திய நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான தடுப்பு கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி இது, ஏனென்றால் தடுப்பதற்கான மருந்து நம் மருந்துக்கடைகளிலேயே இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டுமே கவலைப்பட வேண்டும் என்றும் இல்லை. பக்கவாதம் வந்து ஒரு கால் அசையாதவர், கடும் நிமோனியா, இதயச் செயலிழப்பு, புற்றுநோய், ஐசியுவில் இருப்பவர் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். கோவிட் காலத்தில், ரத்தம் உறைந்ததற்கான தடயத்தைத் தேடும் டி-டைமர் என்ற பரிசோதனை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது இதனால்தான். வீட்டில் யாருக்காவது முன்பு ரத்தக் கட்டி வந்திருந்தால் சொல்லுங்கள். பெண்கள் கருத்தடை மாத்திரையோ, கோயிலுக்கும் விசேஷத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையோ எடுத்திருந்தால், கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வார்கள்? அபாயத்தைக் கணக்கிட்டு, பொதுவாக எனாக்சபாரின் என்ற ஊசியை வயிற்றுத் தோலுக்கடியில் போடுவார்கள். பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்போம். வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிகிறவர், மூளையில் ரத்தக்கசிவு வந்தவர், மழைக்காலத்தில் டெங்குவோடு வந்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இறங்கிப்போனவர் ஆகியோருக்கு இந்த ஊசி ஆபத்தாகலாம். அவர்களுக்குக் காலில் உறை மாட்டிக் காற்றடித்து விட்டுவிட்டு அழுத்தும் கருவி உண்டு. அது சத்தம் போடுகிறது, தூக்கம் வரவில்லை என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். இறுக்கமான காலுறை எல்லோருக்கும் பொருந்தாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் காலுக்குப் போகும் ரத்தம் குறைந்தவர்களுக்கு அது புண்ணை உண்டாக்கும். பக்கவாத நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே கடையில் பார்த்ததை நீங்களாக வாங்கி மாட்ட வேண்டாம்.

ஊசி போட்ட இடத்தில் ஊதாநிறத்தில் கன்றிப்போவது வழக்கமானது. அதைத் தேய்த்தால் இன்னும் பரவும். வீட்டில் நீங்களே போடும்படி சொல்லி அனுப்பினால், தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, முழு ஊசியையும் நேராக இறக்குங்கள். முழு அளவும் போட வேண்டியிருந்தால் ஊசிக்குள் இருக்கும் சிறு காற்றுக் குமிழியை வெளியேற்றத் தேவையில்லை. இன்னொன்று, இந்த மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. சைவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் பிறகு தெரிந்து மனம் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் மறைக்காமல் கேளுங்கள். ஃபோண்டாபாரினக்ஸ் என்று ஆய்வகத்தில் தயாரித்த ஊசி இருக்கிறது, சிலருக்கு மாத்திரையே போதும். சொல்லாமல் ஊசியைத் தவிர்ப்பதுதான் அபாயம்.

மருந்துக்கு அடுத்தது நடை. நம் வீடுகளின் அன்பு குறுக்கே நிற்பது இந்த இடத்தில்தான். பிசியோதெரபிஸ்ட் வந்து எழுப்பினால், "இப்பதானே ஆபரேஷன் ஆச்சு, பாவம், படுத்திருக்கட்டும்" என்று பெரியம்மா தடுப்பார். தண்ணீர் எடுக்கக்கூட எழவிட மாட்டார்கள். டாக்டர் தடை சொல்லாதவரை, இன்று கட்டிலில் உட்காருவது, நாளை வராந்தாவில் நடப்பது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். எழவே முடியாதவருக்குப் பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் இருபது முறையாவது செய்யலாம். வார்டு மௌசிக்கு, அதாவது ஆயாவுக்கு, அதற்கெல்லாம் நேரம் இருக்காது, நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் அபாயம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். மருத்துவமனையை ஒட்டி வரும் கட்டிகளில் ஏராளமானவை வீட்டுக்குப் போன பிறகு வருபவை, மூன்று மாதம் வரைக்கும் வரலாம். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குத் தடுப்பு மருந்தை 35 நாள் வரை நீட்டுவதுண்டு. வயிற்றில் புற்றுநோய் அறுவை செய்தவர்களுக்கு நான்கு வாரம். காகிதத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து, இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள். காசு தீர்ந்ததென்றோ வலி போய்விட்டதென்றோ பாதியில் நிறுத்தாதீர்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மலிவான மாற்று இருக்கலாம்.

மும்பைத் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. உடம்பு தேற ஊருக்குப் போய்விடுவோம் என்று டிஸ்சார்ஜ் ஆன வாரமே நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறிவிடுகிறார்கள். திருநெல்வேலி போய்ச்சேர ஒன்றரை நாள். அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரத்துக்குள், மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அசையாமல் போகும் பயணமே அபாயத்தைக் கூட்டும். மகன் இங்கே இருக்கிறான் என்று ஊரிலிருந்து ரயிலில் வந்து நேராக அட்மிட் ஆகிறவர்களுக்கும் இது பொருந்தும். டிக்கெட் எடுக்கும் முன் டாக்டரிடம் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தள்ளிப்போட முடியாவிட்டால் கீழ் பெர்த் வாங்கி, பகலில் மணிக்கொரு தரம் பெட்டிக்குள் நடக்க வைத்து, தண்ணீரைக் குறைக்காமல் கொடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்க்கும் பழக்கம் பெண்களிடம் அதிகம்.

பிள்ளை பெற்றவர்களிடமும் இதே தண்ணீர்ப் பிரச்சினையைப் பார்க்கிறேன். பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரை அளந்து கொடுத்து, மூடிய அறையில் படுக்கவைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரம் ரத்தம் எளிதில் உறையும் காலம், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். கட்டி காலில் மட்டுமல்ல, மூளைச் சிரைகளிலும் வரும். விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போகாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதால் தாய்க்கோ குழந்தைக்கோ ஒரு கெடுதலும் வராது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அதே நாளில், சிரையில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்தக் காலில் தைலம் போட்டு உருவி விடாதீர்கள், கட்டி பிய்ந்துவிடலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 108க்கு அழையுங்கள், ரயிலில் இருந்தால் 139. அண்மையில் எந்த அறுவை நடந்தது, எந்த ஊசி போட்டார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.